பக்கத்து சீட்டு லைசென்ஸ்

கார் டெஸ்டில் நான் பாஸ், என் தம்பி ஃபெயில். கரமனையில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். தம்பி என்றாலும் இரட்டையில் எனக்குப் பின்னால் வந்தவன்தான். பதினெட்டு முடிந்ததும் இருவருக்கும் ஒன்றாக லேர்னர்ஸ் கிடைத்தது. ஒரே டிரைவிங் ஸ்கூல், ஒரே ஆசானிடம் திட்டு. டெஸ்ட் மைதானத்தில் நட்ட கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்து மாதிரி ஓட்டிக் காட்டும்போது அவன் கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து ஒரு கம்பியைச் சாய்த்தான். நான் ஒன்றையும் தொடவில்லை. ரோட்டிலும் ஓட்டிக் காட்டினேன்.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. "பாவம் கொழந்தை, நன்னாத்தான் ஓட்டினான், யார் கண்ணு பட்டுதோ" என்று அம்மா அவனுக்குத் திருஷ்டி கழித்தாள். எனக்கு ஒரு சபாஷ் கிடையாது. கம்பியை இடித்தவனுக்கல்லவா உபசாரம்!

அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. இனி காலேஜுக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். கோயில் வாசலில் பூஜை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"நீ இருடி. மொதல்ல பழத்துமேல ஏத்தறது ஆம்பளைப் பிள்ளையா இருக்கணும்" என்றார் அப்பா.

"அவனுக்கு லைசென்சே இல்லையேப்பா!"

"லேர்னர்ஸ் இருக்கோல்லியோ? பக்கத்துல லைசென்ஸ் உள்ளவா உக்காந்தாப் போறும். நீ உக்காந்துக்கோ."

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. உட்கார்ந்தேன். பழம் நசுங்கியது.

அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். பைத்தியக்காரி! அப்புறம் தினமும் இதே கூத்து. எல் ஒட்டிய கார், ஓட்டுவது அவன், "கிளட்சை மிதிடா, கிளட்சை மிதிடா" என்று கத்துவது நான், பின்னால் மகாராஜா மாதிரி அப்பா. ஒருநாள் ஆற்றுப்பாலத்தருகே போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"லைசென்ஸ் ஆர்க்கா?"

"மோள்க்கு உண்டு சார்" என்றார் அப்பா, பெருமையாக. அந்தப் பெருமையை அவர் வீட்டுக்குள் ஒருநாளும் காட்டியதில்லை.

போலீஸ்காரர் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளே ஓட்டினால் போதாதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"அவள் பெண்குட்டியல்லே சார்!" என்றார் அப்பா. பெண்ணாச்சே என்று அர்த்தம்.

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. நான் இறங்கினால் வண்டி நகராது. அது தெரிந்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், சீ!

இரண்டாம் தடவை தம்பி பாஸானான். வீட்டில் பாயசம். மறுநாள் காலை பழக்கதோஷத்தில் முன்சீட்டில் ஏறினேன். அப்பா வந்து கதவைத் திறந்தார்.

"பின்னால போடி. அவனுக்குத்தான் வந்தாச்சே, இனிமே நீ என்னத்துக்கு முன்னால?"

பின்னால் போய் உட்கார்ந்தேன். தம்பி கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தான். என் லைசென்ஸ் பையில் பத்திரமாக இருக்கிறது. நாற்பது வயது வரை செல்லுமாம்.