கழுவி வந்த குப்பை

சித்தி இருபத்திரண்டு வருடம் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஈரத் துணியைக் கையில் பிடித்தே, காய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கை எங்கள் குடியிருப்பின் உரத்தொட்டிகளுக்குப் போனது. நாற்பத்தெட்டு வீடுகளின் காய்கறித் தோலும் மிச்சச் சாப்பாடும் அவர் பொறுப்பு. பிள்ளைகள் 'குப்பை மேடம்' என்று கூப்பிடுவார்கள். அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

நான் ஊர் சுற்றிவிட்டு வந்து இறங்கிய திங்கட்கிழமை, தொட்டிகள் குடலைப் பிடுங்கும் நாற்றத்தில் இருந்தன. சங்கச் செயலாளர் எட்ட நின்றே பேசினார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம். அப்புறம் இடிச்சிட்டு கார் நிறுத்த இடம் விட்ருவோம். கீழ்வீட்டுக்காரங்க ஜன்னலே திறக்கறதில்ல."

"திறந்தா அவங்க சண்டை வெளிய கேக்கும். மூடியே இருக்கட்டும்."

சொன்னாரே தவிர, சித்தி முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் போனதும் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது.

"ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு வரலாம். இது கொட்டுதேடி. எங்கேருந்து இவ்வளவு தண்ணி?"

மழை இல்லை. மூடியிலும் ஓட்டை இல்லை. மறுநாள் வாளியோடு வீடு வீடாக ஏறினோம். மூன்றாம் மாடியில் டீச்சர் ஒருவர் வாழைப்பழத் தோலைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"நீங்க வெறுங்கையால எடுக்கறீங்க. அழுக்காவா குடுக்கறது? இந்த மாடியில எல்லாருமே கழுவித்தான் போடறோம்."

மற்ற மாடிகளிலும் அதே கதைதான். சித்தி ஒவ்வொரு வாசலிலும் வாளியைக் கீழே வைத்தார்.

"அழுக்காவே குடுங்கம்மா," என்றார். "தண்ணி தேங்குனா உள்ள காத்து போகாது. அழுகிடும்."

அன்றே எல்லாத் தொட்டிகளையும் அடிவரை கிளறினோம். தச்சுப்பட்டறை மரத்தூளும் சாக்குச் சாக்காகச் சருகும் கலந்தோம். எனக்கு இடுப்பு ஒடிந்தது. அவர் மூச்சுகூட வாங்கவில்லை.

ஞாயிறு காலை நல்ல குளிர். செயலாளர் வந்து நிற்க, சித்தி மூடியைத் திறந்தார். வெள்ளை ஆவி எங்கள் தலைக்கு மேல் எழுந்தது. மழை பெய்த காட்டின் வாசனை. அடியில் நெருப்பில்லை, மின்கம்பியில்லை. நாற்பத்தெட்டு வீட்டு எச்சில் தானாகக் கொதித்துக்கொண்டிருந்தது. என் கைகளில் மயிர் சிலிர்த்தது.

செயலாளர் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அடியில அடுப்பு ஏதாவது வெச்சிருக்கீங்களாக்கா?"

"கண்ணுக்குத் தெரியாம கோடிப் பேர் உள்ள பந்தியில உக்காந்திருக்காங்க. சாப்பிடறப்ப உடம்பு சூடாகும்ல?"

அவர் மறுபடி கையை விட்டார், இந்த முறை மெதுவாக, மணிக்கட்டு வரை. எடுக்க மனமில்லாமல், மற்றொரு கையால் போனைத் துழாவி, இடிக்க வரவிருந்த ஆளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்க வர வேணாம். இங்க ஆளுங்க இருக்காங்க."