அசனத்துக்குப் போன சட்டி

தேவகனியோட கைப்பக்குவத்தைப் பத்தி ஊர்ல எல்லாரும் பேசுவாங்க. அவ வெச்ச கறியால எங்க அக்கா பூங்கனி பட்ட பாட்டை ஒருத்தரும் பேச மாட்டாங்க. அதனால நான் பேசுகேன். கேட்க மனசு இருந்தா கேளுங்க, இல்லேண்ணா உங்க ஜோலியைப் பாருங்க.

தேவகனி சிதறால் மலைக்குத் தெக்கே, எங்க புளியடிவிளையில பிறந்தவ. அவ அப்பனுக்குத் தென்னையும் பனையும் நிக்கிற விளை உண்டு. எங்க அப்பனுக்கு அந்த விளையில வேலை உண்டு. ரெண்டு குடும்பமும் வேதத்துக்கு வந்தது ஒரே மிஷன்ல, கோயிலும் ஒண்ணுதான். ஆனா அவங்க ஆட்கள் முன்பெஞ்சுல இருப்பாங்க, நாங்க பின்னால பாய் விரிச்சு இருப்போம். யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்க பிள்ளைங்க நடக்கப் படிச்ச உடனே தன்னால பின்பாய்க்குப் போயிரும்.

எறச்சியிலயும் அப்படித்தான். முன்பெஞ்சுக்காரங்க ஆடும் கோழியும் தின்பாங்க. போத்தெறச்சி, எருமைக்கறி, எங்களுக்கு. முன்பெஞ்சு வீட்டுக்காரி ஒருத்தி அதைத் தின்னாண்ணு வெளிய தெரிஞ்சா தீர்ந்துது, அந்த வீட்டுல பெண்ணெடுக்க மாட்டாங்க, கொடுக்கவும் மாட்டாங்க. அதைத் தின்னா அவங்களும் நாங்களும் ஒண்ணுண்ணு ஆயிருமாம். பரலோகத்துல ஒண்ணா இருக்கலாமாம், சட்டியில கூடாதாம்! என்ன நியாயமோ.

தேவகனியைக் கட்டினவரு ஜெபதாஸ். பினாங்குக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில புண்ணுக்கு மருந்து வெச்சுக் கட்டுற டிரஸ்ஸர் வேலை கிடைச்சு, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருபத்தி ரெண்டுல பெஞ்சாதியையும் கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறினாரு. அதே தோட்டத்துக்கு எங்க அக்காவும் அவ மாப்பிள்ளை செல்வதாசும் ரப்பர் மரத்துல பால்வெட்டப் போனாங்க.

கடல் தாண்டினா மனுசரு எப்படி மாறிப்போறாங்க பாருங்க! தேவகனிக்கு அங்க வயித்துவலி கண்டப்போ டிரஸ்ஸர் வேற தோட்டத்துல இருந்தாரு. பிள்ளையை எடுத்தது எங்க அக்கா. அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புதான். 'ஏட்டி பூங்கனி', 'ஏட்டி தேவகனி'ண்ணுதான் பேச்சு. பக்கத்துல மைமூனாண்ணு ஒரு மலாய்க்காரி. அவதான் ரெண்டு பேருக்கும் ரெண்டாங் வைக்கப் படிச்சுக் கொடுத்தா.

அது ஒரு கறி! போத்தெறச்சியைத் தேங்காப்பாலுல போட்டு, உள்ளியும் இஞ்சியும் மிளகாயும் சித்தரத்தையும் அரைச்சுக் கலக்கி, இஞ்சிப்புல்லைத் தட்டி முடிஞ்சு போட்டு, சிறு தீயில வத்த வத்த விடணும். பால் முழுக்க வத்தி எண்ணெய் தெளியும்போது, நாம தீயலுக்கு வறுக்கிற மாதிரி தேங்காயைக் கறுக்க வறுத்து, மையா அரைச்சுச் சேர்க்கணும். அவசரக்காரிக்கு அது வராது. எங்க அக்கா ஊருக்கு வந்து முதல்முதலா வெச்சப்போ நான் கேட்டேன், "ஏட்டி, சித்தரத்தையும் இஞ்சிப்புல்லும் போடுகியே, இது கறியா கஷாயமா?" தின்ன பிறகு நானேதான் சட்டியை வழிச்சேன்.

முப்பத்தொண்ணுல ரப்பர் விலை விழுந்து, தோட்டமெல்லாம் ஆளைக் குறைச்சுத் திருப்பி அனுப்பிச்சாங்க. செல்வதாஸ் மச்சான் அதுக்கு முன்னாலயே காய்ச்சல்ல போயாச்சு. எல்லாரும் ஒரே கப்பல்லதான் வந்தாங்க. கப்பல்ல இருந்து இறங்கின அன்னைக்கே தேவகனி எங்க அக்காவுக்கு 'டிரஸ்ஸர் வீட்டம்மா' ஆயிட்டா. அப்படிக் கூப்பிடச் சொல்லி அவ சொல்லல. வேண்டாம்னும் சொல்லல.

ஆனா நாக்கு கடலுக்கு அந்தப் பக்கமே நின்னு போச்சே! ஜெபதாசுக்கு அந்தக் கறி இல்லாம இருக்க முடியல, அவளுக்கும் முடியல. அதனால எங்க அக்கா களியக்காவிளைச் சந்தைக்குப் போய், போத்தெறச்சியைத் தேக்கிலையில பொதிஞ்சு, கடவப்பெட்டியில கீரைக்கட்டுக்கு அடியில வெச்சுச் சுமந்து, அவங்க வீட்டுப் பின்வாசல்ல கொடுப்பா. வாங்கினா மட்டும் போதுமா? வேகும்போது மணம் விளை முழுக்க வீசுமே. சாதாரண நாள்ல எறச்சி மணம் வந்தா, 'என்ன விசேஷம்?'ணு அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பா. அதனால தேவகனி ஒரு வழி கண்டுபிடிச்சா. கிறிஸ்மசுக்கும் அசனத்துக்கும் எல்லா வீட்டுலயும் எறச்சி வேகும். அந்த நாள்ல மட்டும் போத்தெறச்சி வைக்கிறது. எல்லா மணத்தோட அதுவும் போயிரும். புத்திசாலிதான்.

அசனம்னா கோயில்ல எல்லாரும் சேர்ந்து உண்ணுற விருந்து. எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீடும் ஒரு சட்டி ஆட்டெறச்சிக் கறி வெச்சுக் கொண்டுவரும். எல்லாத்தையும் அண்டா மாதிரி ஒரே பெரிய வார்ப்புல கொட்டிக் கலக்குவாங்க. கிறிஸ்துவுக்குள்ள நாம எல்லாரும் ஒண்ணுண்ணு காட்டுறதுக்காம். ஒவ்வொரு வீடும்னா முன்பெஞ்சு வீடு. நாங்க விறகும் வாழையிலையும் கொண்டுவரணும், அவங்க சட்டியைச் சுமக்கணும், பாத்திரம் கழுவணும். எங்க சட்டிக்கு வார்ப்புல இடம் இல்ல.

முப்பத்திமூணு அசனம். அடுத்த வாரம் டீக்கன் தேர்தல், ஜெபதாஸ் பேரும் உண்டு. சபைக் காரியம் எல்லாம் டீக்கன்மார் கையிலதானே, மனுசனுக்கு அதுல ஆசை வந்துட்டு. காலையில தேவகனி அடுப்புக்குத் தெக்கே கோயிலுக்கு ஒரு சட்டி ஆட்டெறச்சி, வடக்கே வீட்டுக்கு ஒரு சட்டி போத்தெறச்சி, ரெண்டையும் ஒரே மாதிரி கறுக்க வெச்சு இறக்கினா. அவ சேலை மாத்தப் போன நேரத்துல அந்த ஆசை பிடிச்ச மனுசன் அடுக்களைக்குள்ள வந்து, போத்துச்சட்டியைத் தூக்கி நாலு துண்டு தின்னுட்டு, தெக்கே வெச்சுட்டாரு. ஆட்டுச்சட்டியை வடக்கே தள்ளியாச்சு. இது எங்களுக்குப் பிறகு தெரிஞ்ச கதை. தேவகனி வந்தா. தெக்கே இருந்த சட்டிக்கு வாழையிலை மூடி, நாரால வாயைக் கட்டி, எங்க அக்கா தலையில தூக்கி வெச்சா.

கோயில்ல எல்லாச் சட்டியும் வார்ப்புல விழுந்துது. முதல் பந்தி முன்பெஞ்சுக்கு. எங்களுக்குப் புளியமரத்தடியில கடைசியா இலை போட்டாங்க. நான் அக்கா பக்கத்துல இருந்தேன். ஒரு வாய் வெச்சா. வாய்க்குப் போன கை அப்படியே நின்னுட்டு. நிமிர்ந்து தேவகனியைப் பார்த்தா. அவளுக்கும் முன்னமே தெரிஞ்சிருக்கு. பரிமாறிக்கிட்டிருந்தவ கரண்டியோட நிக்கா, முகத்துல ரத்தமே இல்ல.

முன்பெஞ்சுக்காரங்க இன்னும் இலையை விட்டு எழும்பல, அங்க ஒரே புகழ்ச்சி. "இந்த வருஷம் கறி கொள்ளாம்!" ராஜையன் டீக்கன் மூணாந்தடவை வாங்கித் தின்னாரு. மூணாந்தடவைதான் அவரு இலையில ஒரு நெஞ்செலும்பு விழுந்துது. தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு. பார்த்த உடனே சத்தம்.

"எந்த ஆட்டுக்குவே இத்தனை கனத்த எலும்பு?"

எலும்போட ஒட்டிக்கிட்டு ஒரு இஞ்சிப்புல்லு. அந்தப் புல்லைக் கறியில போடுறது அந்த ஊர்லயே ஒரே முன்பெஞ்சு வீடுதான். எல்லாரும் தேவகனியைத் திரும்பிப் பார்த்தாங்க. போதகர் மெதுவாத்தான் கேட்டாரு, "உங்க வீட்டுச் சட்டியா, அம்மா?"

தேவகனி மாப்பிள்ளையைப் பார்த்தா. அவரு இலையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"சட்டி என்னுதுதான்," அப்படீண்ணா. "நான் வெச்சது ஆட்டெறச்சி. சுமந்துக்கிட்டு வந்தது பூங்கனி."

அவ்வளவுதான் சொன்னா. மீதியை அவங்களே சொல்லிக்கிட்டாங்க. வழியில இறக்கி வெச்சிருப்பா, ஆட்டெறச்சியை எடுத்துக்கிட்டுப் போத்தெறச்சியைத் திணிச்சிருப்பா, இந்த ஆட்களுக்கு வேற என்ன புத்தி வரும்! ராஜையன் டீக்கன் மரத்துக்குப் பின்னால போய் விரலை விட்டு ஓங்கரிச்சாரு. மூணு தடவை தின்னது அவ்வளவு லேசுல வருமா?

"நீ போட்டியா?"ண்ணு போதகர் அக்காகிட்ட கேட்டாரு.

"சுமந்தது நான்தான்," அப்படீண்ணு சொல்லித் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அடுத்த அசனம் வரைக்கும் அவளுக்குக் கோயில்ல கொடுக்கிற திருவிருந்து அப்பம் இல்லேண்ணு தீர்ப்பு ஆச்சு. வார்ப்பைப் புளியும் சாம்பலும் போட்டு எங்க ஆட்களையே தேய்க்க வெச்சாங்க. வீட்டுக்கு வந்து நான் அவளைப் பிடிச்சு உலுக்கினேன். "ஏன் வாயைத் திறக்கல? உனக்கென்ன வாய் இல்லியா?"

"நான் சொன்னா யாரு நம்புவா? அவ சொல்லுவாண்ணு பார்த்துக்கிட்டு இருந்தேன்," அப்படீண்ணா.

ஜெபதாஸ் டீக்கன் ஆனாரு. திருவிருந்து அப்பம் சுடுற வேலை தேவகனி கைக்கு வந்துது. அந்த அப்பம் முன்பெஞ்சு தாண்டிப் பின்பாய்க்கு வரும், எங்க அக்காவை மட்டும் தாண்டிப் போகும். ஒவ்வொரு தடவையும் தேவகனி திரும்பிப் பார்க்காம இருக்க மாட்டா. பார்த்தா உடனே முக்காட்டை இழுத்துக்குவா. எறச்சி தின்கிறதை விட்டுட்டா. ஆள் மெலிஞ்சு போனா. சந்தைக்குப் போற வழியில எங்களைக் கண்டா வயலுக்குள்ள இறங்கிப் போவா. நெல்லும் துணியும் மகள்கிட்ட கொடுத்து அனுப்புவா. அக்கா வாங்கிக்குவா. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

மறுவருஷம் மழை மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் எங்க குடிசைக்கே வந்துட்டா. அன்னைக்கு அடுப்புல ரெண்டாங் வத்திக்கிட்டு இருந்துது. வாசல்லயே நின்னா, கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு.

"பூங்கனி, எனக்குத் தாங்கல. ஞாயிற்றுக்கிழமை சபையில எழுந்து சொல்லிருதேன். மானம் போனாலும் போகட்டும்."

"சொல்ல வந்தியா, தின்ன வந்தியா?"ண்ணு கேட்டா அக்கா. சிரிக்கத்தான் செய்தா. இலை போட்டுச் சோறும் கறியும் வெச்சா. நானா இருந்தா அகப்பையால ரெண்டு போட்டிருப்பேன்.

தேவகனி தின்னா. பட்டினி கிடந்தவ தின்ன மாதிரி தின்னா. "மைமூனா இதைவிடக் கொஞ்சம் புளி விடுவா, இல்லியா?"ண்ணு கேட்டா. பினாங்குல இருந்த அந்த தேவகனி அப்போ ஒரு நிமிஷம் வந்துட்டுப் போனா.

அந்த நேரம் பார்த்து வாசல்ல சத்தம். "பூங்கனி, விறகு கொண்டாரச் சொன்னேனே, என்னாச்சு?" ராஜையன் டீக்கன் பெஞ்சாதி சத்தியபாய், குனிஞ்சு உள்ள எட்டிப் பார்க்கா.

தேவகனி கை தானா நீண்டுது. இலையை எங்க அக்கா முன்னால தள்ளி விட்டுட்டு, கறிக்கையை முந்தானைக்குள்ள ஒளிச்சா. என் கண்ணால பார்த்தேன்.

"டிரஸ்ஸர் வீட்டம்மாவா? இங்க என்ன?"

"ஜெபம் பண்ண வந்தேன்," அப்படீண்ணா தேவகனி.

சத்தியபாய் போயாச்சு. தேவகனி முந்தானைக்குள்ள இருந்து கையை எடுத்து, அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. அக்கா கோபப்படல. கோபப்பட்டிருந்தா அவளுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். "புளி போட்டுக் கழுவுங்க அம்மா, இல்லேண்ணா மணம் போகாது," அப்படீண்ணு ஒரு துண்டு புளியை எடுத்துக் கொடுத்தா. தேவகனி வாங்கல. அந்தக் கையோடயே மழையில இறங்கிப் போனா.

ஞாயிற்றுக்கிழமை கோயில்ல அறிவிப்பு எல்லாம் முடிஞ்சுது. முன்பெஞ்சுல இருந்து தேவகனி எழுந்தா. "நான் ஒண்ணு சொல்லணும். போன அசனத்துக் கறி..."

ராஜையன் டீக்கனுக்கு அதுக்குள்ள விளங்கிட்டு. மனுசனுக்கு நெஞ்சுக்குள்ள முன்னமே சந்தேகம் இருந்திருக்கும் போல. எழுந்து நின்னு பாட்டைத் தொடங்கிட்டாரு. ராகம் தப்பு, தாளம் தப்பு, ஆனா சபை முழுக்க எழுந்து நின்னு சேர்ந்து பாடிச்சு. எல்லாரையும்விடச் சத்தமாப் பாடினது யாருண்ணு நினைக்கீங்க? ஜெபதாஸ்.

அவ நிறுத்தல. "அது நான் வெச்ச போத்தெறச்சி! என் வீட்டுல தின்ன வெச்சது! பூங்கனி ஒரு பாவமும் அறியா!" வாய் அசையுது, முன்னால நிக்கிற ஒருத்தருக்கும் கேட்கல, கேட்கக் கூடாதுண்ணுதானே பாடுகாங்க. அவ பெஞ்சை விட்டு இறங்கி, சொல்லிக்கிட்டே, அழுதுக்கிட்டே, பின்பாய் வரைக்கும் நடந்து வந்தா. எங்க பாய்க்கு முன்னால நின்னு மறுபடியும் முதல்ல இருந்து சொன்னா. தொண்டை கட்டிப் போச்சு.

எங்க அக்கா அவ சேலைத் தும்பைப் பிடிச்சு இழுத்தா. "எனக்குக் கேட்டாச்சு," அப்படீண்ணா. "இரி, ஏட்டி."

கப்பல்ல இருந்து இறங்கின பிறகு அந்த 'ஏட்டி' அவ வாயில இருந்து வந்தது அன்னைக்குத்தான். முன்னால இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. எனக்கு ஆத்திரம் அடங்கல, இன்னைக்கும் அடங்கல. பாயில கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் மட்டும் விட்டேன்.