வளர்மதி சொன்னது எந்த வரியில்?

இன்று காலை முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய விளையாட்டு வீரர் ஒருவர்மேல் ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறார். செய்தி வாசித்தவர் வீரரின் சாதனைகளை வரிசையாகச் சொல்லி, கோப்பையோடு அவர் சிரிக்கும் படத்தையும் காட்டிவிட்டு, 'சர்ச்சையில் சிக்கினார்' என்று முடித்தார். ஏதோ வழியில் மழையில் சிக்கிக்கொண்டவர் மாதிரி. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கோபம் வந்தது. அதற்குள் தைல வாசனை மூக்கில் ஏற, கோபம் இறங்கிவிட்டது. அதே செய்தியை நானே எழுதியிருக்கிறேன்.

கபடித் திடலுக்கென்று ஒரு வாசனை உண்டு. தைலம், வியர்வை, தண்ணீர் தெளித்த மண். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தஞ்சாவூரைச் சுற்றி ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். நான் அப்போது ஒரு நாளிதழின் விளையாட்டு நிருபர். கல்லூரிக் கபடி அணியில் மூன்று வருஷம் இருந்தவன் என்பதுதான் என் தகுதி. மூன்று வருஷமும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டவன் என்பதை நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தின் நாயகன் குணாளன், பேராவூரணிப் பக்கத்துக்காரர். அவர் பாடிப் போனால் எதிரணியில் ஒருவராவது வெளியேறாமல் இருந்ததில்லை. 'டெல்டா புயல்' என்று பட்டம் வைத்தவன் நான்தான். புயல் என் தோளில் கைபோட்டு, "தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். பெண்கள் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர்.

அந்த அணியில் ஆடியவள் வளர்மதி. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். ஒரு மத்தியானம் இருவரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கையில் போலீஸுக்குக் கொடுத்த புகாரின் நகல்.

"கேம்ப்ல தனியா ரூமுக்கு வரச் சொன்னாரு சார். மாட்டேன்னேன். கையப் புடிச்சி இழுத்தாரு. உதறிட்டு வந்துட்டேன். மறுநாளு டீம்ல என் பேரு இல்ல."

தலையைக் குனியாமல் சொன்னாள். நான்தான் குறிப்பெடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"நீங்க எழுதுனா நாலு பேருக்குத் தெரியும்னு சொன்னாங்க. அதான் வந்தோங்க" என்றார் அம்மா.

அவர்கள் படியிறங்கியதும் நான் செய்த முதல் வேலை குணாளனுக்குப் போன் போட்டது. இரு தரப்பையும் கேட்க வேண்டுமே! அவள் தரப்பு பத்து நிமிஷம், அவர் தரப்பு முக்கால் மணி நேரம். (பாருங்கள், இன்றைக்கும் என் கை அவளுக்கு 'அவள்' போடுகிறது, அவருக்கு 'அவர்'.) மறுநாள் தலைப்பு, 'டெல்டா புயலுக்கு எதிராகச் சதியா?' பதக்கங்களுக்கு எட்டு வரி, அவருடைய மன வேதனைக்கு மூன்று வரி, மூட்டு வலிக்கு இரண்டு. கடைசியில், 'வீராங்கனை ஒருவர் புகார் அளித்துள்ளதாகக் கூறப்படுகிறது.' அந்தக் கேள்விக்குறியை என் நடுநிலைக்குச் சான்றாக நினைத்து ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வளர்மதி தனியாக வந்து பேப்பரை என் மேஜையில் விரித்தாள்.

"நான் சொன்னது எந்த வரியில சார் இருக்கு?"

"டீ சொல்லட்டுமாம்மா?" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த அறிவு அவ்வளவுதான்.

டீ குடிக்காமல் போனவள் விடவில்லை. இன்னும் இரண்டு பெண்கள் அவளோடு சேர்ந்து புகார் கொடுத்தார்கள். வழக்கு இழுத்து இழுத்து, கடைசியில் குணாளன் சிறைக்குப் போனார். அன்றைக்கு நான் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'நமது செய்தி எதிரொலி.' வைத்தபோது கை கூசவில்லை. ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்ட, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

போன மாதம் வளர்மதியிடமிருந்து போன். திருவாரூர்ப் பக்கம் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். ஒரு பள்ளிக்கூடத்தில் கபடிப் பயிற்சியாளர் வேலைக்கு மனு போட்டிருக்கிறாளாம்.

"ஆடுனதுக்கு ஆதாரம் கேக்குறாங்க சார். கூரை பறந்தப்ப சர்டிஃபிகேட்டெல்லாம் மழையில போயிடுச்சு. பழைய பேப்பர்ல எங்கயாச்சும் என் பேரு இருக்குமா?"

நான் எழுதியதையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருக்கிற ஆள் நான். பன்னிரண்டு நோட்டுகள், யார் கேட்பார்கள் என்று காத்திருந்தவை. மூன்று நாள் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் குணாளன் தொடை தட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

"இல்லம்மா" என்றேன்.

"பரவால்ல சார். ஆடிக் காட்டுறேன்னு கேட்டுப் பாக்குறேன்."

ஆடிக் காட்டித்தான் அந்த வேலையை வாங்கியிருக்கிறாள், நாற்பது தாண்டிய வயசில்.

பாபநாசத்தில் ஒரு சாயங்காலம் அவள் பாடிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். பாட்டு நிற்கவில்லை. மண்ணில் ஊர்ந்து வந்து நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டாள். திடல் முழுக்க எழுந்து நின்றது, நானும் நின்றேன். அந்தத் திடல் மனைக்கட்டாகிவிட்டது. சேர்ந்து நின்றவர்களில் பலர் இன்று இல்லை. மறுநாள் நான் எழுதியது மட்டும் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. 'பெண்கள் பிரிவிலும் போட்டிகள் நடைபெற்றன.'