ஆறு எலி மூளைகளும் ஒரு கை கல்லுப்பும்

இதைப் படித்துவிட்டு யாரும் இன்பச் சுற்றுலா என்று ஸ்கூட்டரை எடுத்துவிடாதீர்கள். ஐஸ் பெட்டியில் எலி மூளை கொண்டுபோக வேண்டிய தேவை எத்தனை பேருக்கு வருமோ, தெரியாது. ஆனால் ஆராய்ச்சி படிக்கிற பிள்ளையைப் பெற்ற அப்பன் எவனாவது நாளைக்கு என்னைப் போல வண்டியோடு வந்து நிற்கலாம். அவனுக்காக எழுதுகிறேன்.

பயணம் 2006 தை மாதக் கடைசியில். நான் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. படிப்பு பத்தாவது, அதிலும் கணக்குப் பரீட்சையை மூன்று தடவை ஆசையாக எழுதியவன். 2004 ஐப்பசியில் என் மனைவி அஞ்சலைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சில் மிஞ்சியவை ஐந்து சொற்கள்: வா, போ, தண்ணி, உப்பு, கலை. கலை என்பது எங்கள் மகள் கலைவாணி. என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நன்றாக இருந்த காலத்திலும் அவள் அதைச் சொன்னதில்லை என்பதால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

கலை பெருமுக்கல் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் முதுநிலை படித்தாள். ஆராய்ச்சிக்கு அம்மாவின் வியாதியையே எடுத்தாள். எங்கள் உப்பளக் கரையில் தானாக முளைக்கிற உமரிச் செடியின் சாறு, பக்கவாதத்தில் மூளை சாவதைக் கொஞ்சமாவது தடுக்குமா என்று எலியில் பார்ப்பது. செடி பறித்துக் கொடுத்தது நான்தான். அதோடு நிற்காமல் தினமும் உமரியைக் கடைந்து அஞ்சலைக்கும் ஊட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, இது அடைப்பு வந்த உடனே குடுக்குற மருந்து. அம்மாவுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிட்ச்சி" என்று கலை பலமுறை சொன்னாள். தலையாட்டிவிட்டு மறுநாளும் கடைந்தேன்.

வேலை எப்படி என்றால், மயக்கம் கொடுத்த எலியின் கழுத்து வழியாக மெல்லிய நைலான் இழையை ஏற்றி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து இழையை உருவிவிடுவார்கள். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். மறுநாள் எலியைக் கொன்று மூளையை எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் வில்லைகளாக அறுத்து, ஒரு சாயத் தண்ணீரில் உடம்புச் சூட்டில் வைப்பார்கள். உயிரோடு இருக்கிற பகுதி செங்கல் சிவப்பாக மாறும். செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். ஒவ்வொரு வில்லையிலும் வெள்ளையின் பரப்பை அளந்து, கனத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு மூளை செத்தது என்ற கணக்கு வந்துவிடும். பாத்தியில் உப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று நாங்கள் போடுகிற அதே கணக்கு. அதனால் எனக்கே புரிந்தது.

முதல் ஆறு எலிகள் கலையின் கை பழகுவதிலேயே வீணாகிவிட்டன. விலங்குச் சோதனைக்கு அனுமதி தருகிற கல்லூரிக் குழு கொடுத்ததில் மிச்சம் ஆறுதான். இவையும் போனால் வேறு தலைப்பு, மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்க்கிற வேலை என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். எலிகளுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று பார்த்து, சாயத்தைச் சூட்டில் வைக்கிற இயந்திரம் பழுதாகிவிட்டது. புதுச்சேரியில் கலையின் தோழி ரெஜினா வேலை பார்க்கிற ஆய்வகத்தில் அது இருந்தது. மறுநாள் கலைக்குப் பரீட்சை. ஆகவே நான்.

காலை 7.45க்கு வீட்டிலிருந்து புறப்பட்டேன். கல்லூரி வரை 22 கிலோமீட்டர். மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டி 40 ரூபாய். 9.30க்கு, அன்று காலை எடுத்த ஆறு மூளைகளையும் உப்புநீர் ஊற்றிய ஆறு சின்ன டப்பாக்களில் போட்டு, ஐஸுக்கு நடுவே அடுக்கிக் கொடுத்தாள் கலை. "ஜில்லுன்னு இருந்தா போதும்ப்பா. சீக்கிரம் போ. எங்கயும் நின்னு கதை பேசாத." அவள் அப்பனை அவளுக்குத் தெரியும்.

பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்தேன். மரக்காணம் சேரும்போது 10.20. ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. மீன் இறங்குகிற இடத்தில் பத்து ரூபாய்க்கு உடைத்த ஐஸ் வாங்கினேன்.

"இன்னா மேஸ்திரி, மீன் யாவாரத்துல எறங்கிட்டியா?" என்றார் ஐஸ்காரர்.

"மீன் இல்லப்பா, மூளை."

"உனுக்கா? நல்ல சமாச்சாரம். எவ்ளோ தூரம் போவணும்?"

"பாண்டி."

"அப்ப மேல கல்லுப்பு தூவிக்கோ. ஐஸு நிக்கும்."

எனக்கே உப்பு யோசனை சொல்கிறார். தூர ஊருக்குப் போகிற மீன் பெட்டிக்கு எங்கள் பக்கம் வழக்கமாகச் செய்வதுதான். வண்டிப் பெட்டியில் எப்போதும் ஓர் உப்புப் பை கிடக்கும். ஒரு கை அள்ளி ஐஸில் கலந்தேன். போதாதோ என்று மேலே கொஞ்சம். மகளுக்கு உதவிவிட்ட பெருமையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 35 கிலோமீட்டரும் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

11.40க்கு ரெஜினா பெட்டியைத் திறந்தாள். "அங்கிள், என்ன இது, கல்லு மாதிரி இருக்குது?"

"நல்லா ஜில்லுன்னு இருக்குதாம்மா?" என்று கேட்டேன். அப்படியும் புத்தி வரவில்லை.

அறுக்க வசதியாக மூளையைக் கொஞ்சம் இறுக விடுவது வழக்கம்தானாம்; அவள் சந்தேகப்படாமல் இளக வைத்து, அறுத்து, சாயத்தில் போட்டாள். அரை மணி நேரம் கழித்துத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பே இல்லை. எல்லா வில்லைகளும் வெளிறிய ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தன. எது அடைப்பால் செத்தது, எது நல்லது என்று கோடு போட முடியவில்லை. மருந்து கொடுத்த மூன்றுக்கும் கொடுக்காத மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

ரெஜினா போன் போட்டாள். "நீ எடுக்கும்போது லேட்டாச்சாடி?... சரி, அழாத... உன் கை மேல சந்தேகப்படாத..."

பக்கத்திலேயே நின்றேன். உப்பு என்ற சொல் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. திரும்புகிற வழியில் பாட்டும் வரவில்லை.

சாயங்காலம் கலை வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். "சாருகிட்ட என் கைதான் சரியில்லன்னு சொல்லிட்டேன்ப்பா. நாளைக்கு அந்த மாத்திரை தலைப்புக்கே எழுதிக் குடுத்துடறேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. "ஐஸுல உப்பு போட்டா இன்னாம்மா ஆவும்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஏம்பா... போட்டியா?"

"ஒரு கை."

"சைபருக்குக் கீழ போயிடும்ப்பா. ஒறைஞ்சா எல்லா செல்லும் ஒடஞ்சி செத்துடும்." பிறகு அம்மாவின் போர்வையை இழுத்துச் சரி செய்தாள். கடைசியில், "ஆறு உசுருப்பா" என்றாள்.

கட்டிலிலிருந்து அஞ்சலை என்னைப் பார்த்து, "உப்பு" என்றாள். இவ்வளவு நேரமும் எல்லாம் புரிந்துதான் படுத்திருந்தாள்.

மறுநாள் பேராசிரியரிடம் போய் நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். திட்டுவார் என்று பார்த்தால், ஐஸும் கல்லுப்பும் கொண்டுவரச் சொல்லி, என் கையாலேயே கலக்க வைத்து, உள்ளே வெறும் உப்புநீர் டப்பாவோடு வெப்பமானியைச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் டப்பா கல்லானது. அதைக் குறித்துக் குழுவுக்கு அனுப்பினார். இன்னும் ஆறு எலிகளுக்கு அனுமதி வர ஐந்து மாதம் ஆனது.

ஆனி மாதம் அதே வழியில் மறுபடி போனேன். கல்லூரி இயந்திரத்தை அதுவரை யாரும் சரி செய்திருக்கவில்லை. இந்தத் தடவை கலையும் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கிளம்புமுன் என் வண்டியிலிருந்த உப்புப் பையை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

இனி, போகிறவர்களுக்கு. வீடு, கல்லூரி, புதுச்சேரி, திரும்ப வீடு என்று மொத்தம் 114 கிலோமீட்டர், பெட்ரோல் 120 ரூபாய். ஐஸை மரக்காணத்தில் ஒருமுறை மாற்றினால் போதும். டப்பாவுக்கும் ஐஸுக்கும் நடுவே துணி சுற்றுங்கள். உப்பு வேண்டாம்; யார் சொன்னாலும் வேண்டாம். வழியில் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். தப்பு செய்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். என்னைப் போல 35 கிலோமீட்டர் சுமந்துகொண்டு வராதீர்கள்.

இரண்டாவது தடவை சாயம் அற்புதமாகப் பிடித்தது. செங்கல் சிவப்பு, நடுவே சுத்த வெள்ளை. கலை வில்லை வில்லையாகக் கட்டம் போட்டு எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். மருந்து கொடுத்த எலியிலும் கொடுக்காத எலியிலும் வெள்ளை ஒரே அளவு. உமரி ஒன்றும் செய்யவில்லை. அளவு சரியாக வந்தது, அவ்வளவுதான். அதை அப்படியே எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அஞ்சலையிடம் நான்தான் சொன்னேன். "மருந்து கேக்கலம்மா. எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது."

 அவள் பாதி வாயால், கேள்வியாகக் கேட்டாள்: "உப்பு?"

"போடலம்மா" என்றேன். "இந்த வாட்டி போடல."

இந்த வாட்டியும் போட்டிருக்கலாமே என்று இருந்தது.