பன்னிரண்டாம் நம்பர் முள்

ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்று எனக்கே நன்றாகத் தெரிந்த ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். அண்ணாமலையைப் பார்த்து நின்று, வலது கையைத் தூக்கி, சத்தியம் செய்துவிட்டுத்தான் டைப் அடிக்கிறேன். நம்பாதவர்கள் தாராளமாக நம்ப வேண்டாம்.

தேங்காய் நார்க் கயிறு, கிரீஸ், துருப்பிடித்த ஆணி... மூன்றும் கலந்த ஒரு வாசனை. தேரடி வீதிக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு ஹார்டுவேர் கடை, அதில்தான் எனக்கு முதல் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மோந்து பார்த்துவிட்டு, ரெண்டு இன்ச் ஆணி இருக்கிறதா என்று கேட்பார்.

கடையில் "இல்லை" என்ற சொல் மட்டும் கிடையாது. முதலாளி போட்ட சட்டம். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கேட்ட சைஸ் இல்லையா, இருக்கிற சைஸை எடுத்து வைத்து, இப்போது எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கலையில் நான் சக்கரவர்த்தி. யானை வாங்க வந்தவருக்கு நாலு கதவுக் கீலைக் கட்டிக் கொடுத்து, கும்பிடு போட வைத்து அனுப்பியிருக்கிறேன்.

ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்காகத் தூண்டில் முள்ளும் விற்றோம். ஒரே டப்பா. பன்னிரண்டாம் நம்பர். ஜிலேபி மீனுக்கு அதுவே ஜாஸ்தி.

பக்கத்து டெய்லர் கடையில் இருந்தவன் சம்பந்தம். என் வயசு, என் உயிர். அவன் "டேய்" என்று என்னைக் கூப்பிட்டால் ராஜகோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் எழும்பி ஒரு கிரிவலம் போய்விட்டு வரும்.

அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. மரக்காணம் பக்கம் கடலோர ஊர். நம் ஊரில் டீச்சர் டிரெயினிங் படித்தவள். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. தடை அவள் அப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வீட்டில் வாயே திறக்க மாட்டாராம். தினமும் காலையில் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பாராம், பேச்சு வந்தால் அங்கேதான் வருமாம். நீங்களும் பக்கத்தில் நின்று ஒரு மீனைப் பிடியுங்கள், மனுஷன் இளகிவிடுவார், அப்போதே கேட்டுவிடுங்கள் என்று அந்தப் பெண்ணே வழி சொல்லியிருந்தாள்.

சம்பந்தம் கடைக்கு வந்தான்.

"டேய், கடலுக்கு எந்த சைஸ் முள்ளுடா? கொடுவா மீன் வருமாம்."

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம். சரக்கு கொண்டு வரும் சேல்ஸ்மேன் எல்லாம் சொல்லியிருந்தார். முள்ளில் நம்பர் ஏற ஏற சைஸ் சின்னதாகும். கொடுவா வாய்க்குச் சுண்டுவிரல் நீளமாவது வேண்டும், கம்பி தடியாக இருக்க வேண்டும். ஏரி முள் கடலில் ஹேர்பின் மாதிரி விரிந்துவிடும்.

நம்மகிட்ட இல்லடா, பாண்டியில் வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நாக்கு புரளவில்லை. கடலிலிருந்து மீனில்லாமல் திரும்பினால் ஒரு மாசத்துக்குக் கிண்டல் பண்ணலாமே என்ற குசும்பும் உள்ளே கொஞ்சம்...

"பன்னெண்டாம் நம்பர்டா. ஒண்ணுல ஆரம்பிச்சு பன்னெண்டு வரைக்கும் வந்திருக்கான்னா யோசிச்சுப் பாரு. திமிங்கலமே மாட்டும்."

"இத்துனூண்டு இருக்கே?"

"ஜப்பான் இரும்பு, அப்படித்தான் இருக்கும்."

நம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் துணைக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றார். சம்பந்தம் முள்ளில் இறாலைக் கோத்து தூண்டில் நரம்பை வீசினான்.

இனிமேல்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கடல் பத்தடி பின்வாங்கியது. மீன் ஒன்று மாட்டியது பாருங்கள்... தலை முகத்துவாரத்தில், வால் அடி அண்ணாமலையில். பௌர்ணமிக் கூட்டத்தை அதைச் சுற்றி வரச் சொல்லியிருந்தால் அடுத்த அமாவாசைக்குத்தான் வீடு திரும்பியிருக்கும். நரம்பு அறுத்து சம்பந்தத்தின் உள்ளங்கையில் ரத்தம். ஹெட்மாஸ்டர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"விட்டுப் புடி தம்பி... விட்டுப் புடி."

தம்பி என்றார்! கரைக்கு மூன்றடி தூரத்தில் வெள்ளியாய் ஒரு புரளல். நரம்பு தொய்ந்தது. இழுத்துப் பார்த்தால் முள் குண்டூசி மாதிரி நிமிர்ந்து நின்றது.

ஹெட்மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்தார். இந்த முள்ளை யார் கொடுத்தது என்று கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? மணலில் பாய்ந்து, அலைகள் அப்படியே நிற்க, "குற்றவாளி நான்தான் ஐயா" என்று முழங்கினேன். அவர் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். முப்பத்திரண்டு வகைப் பதார்த்தம்...

இப்போது அந்த ஹார்டுவேர் கடை மொபைல் கடை. ஒரு சார்ஜர் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் தலையைக்கூடத் தூக்காமல் "ஸ்டாக் இல்ல அங்கிள்" என்றாள். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை! எந்த மீனுக்கு எந்த முள் என்று போனில் தட்டினால் ஆயிரம் வீடியோ வருகிறது. யாரும் யாரையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை.

சம்பந்தம் வேங்கிக்காலில் வீடு கட்டியிருக்கிறான். போன வாரம் கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்றான். பல வருஷமாக இப்படித்தான். அளந்து வைத்த "ங்க".

கல்யாணம் பண்ணி வைத்தவனுக்கா இந்த மரியாதை என்று கேட்பீர்கள். கல்யாணம் நடக்கவில்லை. நான் முழங்கவும் இல்லை. கடல் அதன் இடத்தில்தான் இருந்தது. மீன் மிஞ்சிப் போனால் ரெண்டு கிலோ.

சொன்னதில் துளியளவு நிஜம் உண்டு. யார் கொடுத்தது என்று அவர் கேட்டார். மணலில் எதையோ தொலைத்தவன் மாதிரி நான் குனிந்துகொண்டேன். சம்பந்தம் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவரிடம் சொன்னான்.

"நானே பாத்து வாங்கினதுங்க."