பர்ச்சேஸுக்கு ஒரே ஒரு அளவுகோல்

துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் பர்ச்சேஸ் மேனேஜர். இரும்புத் தகடு முதல் கையுறை வரை உள்ளே வரும் ஒவ்வொரு பொருளையும் என் டீம்தான் வாங்குகிறது. நல்ல பொருள் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும்வரை எங்களை யாரும் நினைக்க மாட்டார்கள். அதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர், இனி ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டின் வேலையையும் எண்களை வைத்து அளக்கப்போவதாகச் சொன்னார். எங்களுக்கு எந்த எண்கள் என்று முடிவு செய்ய ஒரு மீட்டிங் போட்டார். உண்மையில் நான் சந்தோஷப்பட்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யோசித்து எழுதினேன். சொன்ன தேதியில் சரக்கு வருகிறதா, வந்ததில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறோம், சரக்கு இல்லாமல் ஷெட்டில் வேலை நிற்கிறதா, இவற்றோடு விலை. எட்டிப் பார்த்த என் கணவர், "கத்தரிக்கா வாங்கறப்பகூட நீ இதெல்லாம்தானே பார்க்கற?" என்றார்.

மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் நான் எழுதியதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"நாலு நம்பர் இருந்தா யாரும் எதையும் பார்க்க மாட்டாங்க மேடம். போன வருஷ விலையைவிட எவ்வளவு குறைச்சீங்க? அது ஒண்ணு போதும்."

"விலை குறைஞ்சு சரக்கு மோசமா வந்தா, சார்?"

"அது குவாலிட்டிக்காரங்க தலைவலி. உங்களோடது இல்ல."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது.

அலுவலக வாசலில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். தன் இலக்கை எட்டிய டிபார்ட்மென்ட் பச்சை, எட்டாதது சிவப்பு. நம்பகமான சப்ளையர்களை நான் மாற்ற மறுத்ததால் மாதாமாதம் நாங்கள் சிவப்பு. கடைசியில் ஜெனரல் மேனேஜர், சில்லறைச் சாமான்கள் வாங்கும் வேலையை என்னிடமிருந்து பிரித்து, என் டீமில் இருந்த ஒரு இளைஞரிடம் நேரடியாகக் கொடுத்துவிட்டார். அந்த இளைஞர் வாங்கியவற்றில் ஒன்று, வெல்டிங் தழும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வீல். புது சப்ளையர், மலிவான விலை.

வீலின் விளிம்பு உதிர்கிறது என்று ஷெட்டிலிருந்து புகார் வந்தது. உடனே நிறுத்தச் சொல்லி ஜெனரல் மேனேஜருக்கு மெயில் போட்டேன். 'பார்க்கலாம்' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

ஒருநாள் காலை அந்த வீல் ஓடும்போதே வெடித்தது. மெஷினைப் பிடித்திருந்த தொழிலாளி வையம்பட்டிக்காரர். முகக்கவசத்தை உடைத்துக்கொண்டு ஒரு துண்டு அவர் இடது கண்ணில் பாய்ந்தது. நான் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த வீலு வாங்குனது நீங்களாக்கா?"

"எங்க டிபார்ட்மென்ட்தாம்மா."

அவர் என்னைத் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த மாத இறுதிக் கூட்டத்தில் நாங்கள் பச்சை. ஜெனரல் மேனேஜர் கேக் வாங்கி வைத்திருந்தார். கம்பெனி முதலாளியும் வந்திருந்தார். "பர்ச்சேஸ் டீமுக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

நான் எழுந்துவிட்டேன். "ஒருத்தருக்குக் கண்ணு போயிருக்கு சார். அந்த வீல்ல மிச்சம் பிடிச்சதும் இந்தப் பச்சைக்குள்ளதான் இருக்கு. எதுக்குக் கை தட்டணும்?"

"எமோஷனலாப் பேசாதீங்க மேடம். விபத்து வேற, பெர்ஃபார்மன்ஸ் வேற."

கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டும்படி அந்த இளைஞரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"மேடம் நிறுத்தச் சொன்னாங்க சார். நானும் உங்ககிட்ட வந்து கேட்டேன். டார்கெட் முடியட்டும்னு நீங்கதான் சொன்னீங்க."

அதன் பிறகு யாரும் கை தட்டவில்லை. முதலாளி எழுந்து போனார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அந்த மெயிலைக் கேட்டு வாங்கிப் படித்தார். மிச்சமிருந்த வீல்கள் எல்லாம் உடைத்துப் போடப்பட்டன. நான் கேட்ட நான்கு எண்களும் அளவுகோலாயின. உடம்பில் காயம் ஏற்படுத்தக்கூடிய எந்தப் பொருளையும் விலைக் குறைப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் போராடிச் சேர்த்தேன்.

ஜெனரல் மேனேஜருக்கு எதுவும் ஆகவில்லை. சில மாதம் கழித்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களிடம், "நாங்க விலையை மட்டும் பார்க்கறதில்ல" என்று இதே நான்கையும் பெருமையாக விளக்கினார். நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்ணைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னும் சொல்லுங்க சார்" என்றேன். அவர் சொல்லாததால் நானே சொன்னேன்.

வையம்பட்டிக்காரர் இப்போது ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். போன வாரம் அங்கே போனபோது எனக்கு டீ ஊற்றினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. டீ கிளாஸுக்கு வெளியே கொட்டி மேஜையில் ஓடியது. "இன்னும் பழகல மேடம்" என்று சிரித்துக்கொண்டே துணியைத் தேடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதான் கேட்டது கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்கிறார்கள் ஆபீஸில். அவர் துடைத்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.