பழைய பேரூராட்சி அலுவலகத்தில் சும்மா உட்காருதல்

ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வேண்டாமென்றால் தினமும் அரை மணி நேரம் சும்மா உட்காரப் பழகுங்கள் என்றார் டாக்டர். வேடசந்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் அதற்கென இருக்கும் யோகா மையம், பழைய பேரூராட்சி அலுவலகம். சத்திரமாகப் பிறந்த கட்டடம்; அலுவலகமாகி, பிறகு குப்பைத்தொட்டிகளைப் போட்டுவைக்கும் கிட்டங்கியாகி, இப்போது வெள்ளையடித்து நிற்கிறது. வீட்டு வரைபட ஒப்புதலுக்காக நான் எட்டு மாதம் காத்திருந்த அதே கூடத்தில்தான் பாய் விரித்திருந்தார்கள்.

கண்ணை மூடினேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளறைக் கதவு கிறீச்சிட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏன் சார் எந்திரிச்சிட்டீங்க?" என்றார் பயிற்சி தரும் பெண்.

"ஆபீசர் வந்துட்டாரோன்னு நெனச்சேம்மா."

பக்கத்துப் பாய்க்காரரும் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு முந்தி உள்ள போயிராதீங்கண்ணே, நாந்தான் மொதல்ல வந்தேன்" என்றார்.

சனிக்கிழமை மாத்திரைக்குச் சம்மதித்தேன். டாக்டரின் ஒரே கையெழுத்தில் கிடைத்துவிட்டது.